மில் தொழிலாளி சங்கம் கண்ட ஊரில் காவலருக்கு ஏன் சங்கம் இல்லை?

பட்டாளத்துக்காரன்:

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகங்களும் ஒப்புக்கொள்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று லண்டன் மாநகரப் போலீஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் லாயிட் ஜார்ஜ் நேரில் அழைத்துப் பேசி, ஊதியத்தை உயர்த்திக் கொடுத்தார். மறுவருடம் நிலைமை மாறியது. 1919 போலீஸ் சட்டம் காவலர் தொழிற்சங்கத்தைத் தடை செய்து, அதற்குப் பதிலாகப் போலீஸ் ஃபெடரேஷன் என்ற அமைப்பை அரசே ஏற்படுத்தித் தந்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அத்தனை பேரும் வேலையை இழந்தார்கள். ஒருவரைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் ஃபெடரேஷன் நிலைத்துவிட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக அங்குள்ள காவலருக்காக அது பேசிக்கொண்டிருக்கிறது.

வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. பெரம்பூர் ரயில்வே பட்டறைக்கும் இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு, மீன்பிடி விசைப்படகுக்கு, தூய்மைப் பணியாளருக்கு என்று ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. புளியந்தோப்பு, கொண்டித்தோப்பு காவலர் குடியிருப்புகளுக்குள் போனால் மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது. அங்கே வசிப்பவர்களில் எத்தனையோ பேரின் தாத்தாக்கள் மில்லில் நின்றவர்கள்.

என் அப்பா ஏட்டாக இருந்தார். அவருக்கு மெமோ வந்தால் விளக்கக் கடிதம் எழுதுவது என் வேலை. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். "ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது" என்று தொடங்கி, பாராவில் (காவல் பணியில்) நின்றபோது தொப்பி ஏன் கழற்றி வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு முழுப்பக்கக் காரணம் எழுத வேண்டும். காய்ச்சல் என்று எழுதக் கூடாது. எழுதினால் மருத்துவச் சான்று எங்கே என்று அடுத்த மெமோ வரும். பக்கத்து வீட்டுக் காவலர்களும் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். பள்ளியில் படிக்கிற பையன் எழுதிக்கொடுத்த நாலு வரியைத் தவிர அவர்களுக்காகப் பேச எதுவும் இருக்கவில்லை.

காவலருக்குச் சங்கம் வேண்டும் என்பது என் நிலை. அதற்கு முன் இந்தியாவில் இந்த முயற்சி எங்கெங்கே நடந்தது, என்ன ஆனது என்பதை ஒரே இடத்தில் தொகுக்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:

தம்பி, நல்ல விஷயத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பணியில் இருந்தபோது எங்களுக்கு இருந்த ஒரே சங்கம் கூட்டுறவு நாணயச் சங்கம். கடன் கிடைக்கும், சம்பளத்தில் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டில் முதல்நிலை, 15ல் தலைமைக் காவலர், 25ல் சிறப்பு உதவி ஆய்வாளர். எங்கள் காலத்தின் ஏணி இதுதான். நடுவில் ஒரு தண்டனை விழுந்தால் ஊதிய உயர்வு நின்று, படி தள்ளிப்போகும். அந்தத் தண்டனை சரியா என்று மேல்முறையீடு செய்யலாம். யாரிடம்? தண்டனை கொடுத்தவருக்கு மேலே இருக்கிற அதிகாரியிடம். அவர் காலையில் முன்னவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவராக இருப்பார்.

காவலரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைக்கிற ஆர்டர்லி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒழித்து 1979லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் நான்கு மாதத்துக்குள் அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டி வந்தது. நடுவே 43 ஆண்டுகள். அவ்வளவு காலமும் துணி துவைத்தவன், நாயை நடைக்குக் கூட்டிப்போனவன், அதிகாரி வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டவன் எல்லாம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற காவலர்கள். அந்த ஆணை நடப்பில் இருக்கிறதா என்று கேட்க ஓர் அமைப்பு இருந்திருந்தால் நாலு தசாப்தம் ஆகியிருக்குமா?

வார விடுமுறையும் அப்படித்தான். 2021ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், அரசாணையும் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் மாசித் திருவிழா, தலைவர் வருகை, தேர்தல் என்று பந்தோபஸ்து வந்தால் முதலில் பறிபோவது அந்த ஒரு நாள்தான். அதற்கு ஈடாக இன்னொரு நாள் வந்ததா என்று கணக்குப் பார்க்கிறவர் யாரும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. கூடுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள். அதனால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வியாசர்பாடி வக்கீல்:

சட்டத்தைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் பரவியிருக்கின்றன. காவலர் சங்கம் வைப்பது முழுக்கத் தடை என்பது ஒன்று. அரசியலமைப்பின் 19வது பிரிவு எல்லோருக்கும் சங்க உரிமை தருவதால் காவலருக்கும் தானாகவே உண்டு என்பது மற்றொன்று. இரண்டும் சரியில்லை.

33வது பிரிவு, ராணுவத்துக்கும் பொது ஒழுங்கைக் காக்கும் படைகளுக்கும் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன்படி வந்ததுதான் 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அரசின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் காவலர் எவரும் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்குப் பேசவும் கட்டுப்பாடு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது "அனுமதி இல்லாமல்" என்பதை. அனுமதித்தால் வைக்கலாம். தருவதும் மறுப்பதும் அரசியல் முடிவு. சட்டம் கையைக் கட்டிவிட்டது என்று எந்த அரசும் சொல்லித் தப்ப முடியாது.

இன்னும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. காவலரிடையே அதிருப்தியைத் தூண்டுவதைக் குற்றமாக்கி 1922ல் வெள்ளைக்காரன் போட்டது. ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்ட அதே ஆண்டு அது. அந்தச் சட்டமே, அரசு அங்கீகரித்த காவலர் சங்கம் உறுப்பினர் நலனுக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று விலக்குத் தருகிறது. காவலர்களுக்கு ஒரு சங்கம் இருக்கக்கூடும் என்று காலனி அரசுக்கே தோன்றியிருக்கிறது.

தில்லியில் 1966 டிசம்பரில் காவலர் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. 1967 ஏப்ரலில் காவலர்கள் உள்துறை அமைச்சர் இல்லத்தின் முன் திரண்டார்கள். பலர் வேலை இழந்தார்கள், அங்கீகாரமும் போயிற்று. தில்லிச் சங்கம் தொடுத்த வழக்கை 1986 நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 33வது பிரிவுதான் அடிப்படை. இன்றுவரை அதுவே நடைமுறைச் சட்டம்.

மூலக்கொத்தளம்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கம்.

பின்னி மில் கதையை எடுத்தீர்கள். 1920 டிசம்பரில் அந்த மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது யார்? போலீஸ். பாபுராவ், முருகன் என்ற இரு இளைஞர்கள் செத்தார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் மறுபடி சுட்டது யார்? அதே போலீஸ். தொழிலாளி சங்கத்தின் பெருமையைக் காவலர் சங்கத்துக்கு முதலீடாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு பையன்கள் சேர்ந்து நின்றால் பேர், அப்பன் பேர், தெரு கேட்டு, கைரேகை எடுத்து அனுப்புவார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் குரலின் தொனி மாறும். எனக்கே நடந்திருக்கிறது. இவர்களுக்குச் சங்கமும் வந்தால் புகார் கொடுத்தவன் கதி என்ன? அமெரிக்காவில் காவலர் சங்கங்கள் போட்ட ஒப்பந்தங்களால் தவறு செய்த அதிகாரியை உடனே விசாரிக்கவே முடியாத நிலை பல நகரங்களில் வந்தது. மேரிலாந்து மாநிலம்தான் முதன்முதலில் காவலர்களுக்கென்று தனி உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2021ல் அதையே ரத்து செய்துவிட்டது. 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்களே, அப்போது சங்கம் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருக்கும்?

பட்டாளத்துக்காரன்:

மூலக்கொத்தளம் நண்பரே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறேன்.

சாத்தான்குளத்தில் அன்று இரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். சக காவலர்கள் சுற்றி நின்ற இடத்தில், அச்சத்தோடு, வாக்குமூலம் கொடுத்தார். உயர்நீதிமன்றம் தலையிட்டுப் பாதுகாப்புத் தரச் சொல்ல வேண்டியிருந்தது. உண்மை சொல்கிற அந்தக் கடைநிலைக் காவலருக்குத் துணை நிற்கிற சங்கத்தைத்தான் நான் கேட்கிறேன். சட்டவிரோதமான உத்தரவை மறுத்ததற்காகத் தண்டிக்கப்படுகிறவனுக்காகச் சங்கம் பேச வேண்டும். காவல் சித்திரவதை வழக்கில் உறுப்பினருக்காக நிதி திரட்டவோ விசாரணையில் தலையிடவோ கூடாது என்று விதிகளிலேயே எழுத வேண்டும். அது இல்லாத சங்கத்தை நானும் எதிர்ப்பேன்.

சுட்டது போலீஸ்தான், அதை யாரும் மறைக்க முடியாது. சுடச் சொல்லி உத்தரவு வந்தபோது மறுக்க வழியில்லாமல் வைத்திருந்ததும் இதே கட்டமைப்புதான்.

இனி வரலாறு. சங்கத்தை நசுக்கிய இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

நம் பழைய சென்னை மாகாணத்தில் இருந்தே தொடங்கலாம். 1946ல் மலபார் சிறப்புப் போலீஸ் படையினர் கூலிக்கும் சோற்றுக்குமாக வேலையை நிறுத்தினார்கள். கடற்படை எழுச்சி நடந்த அதே ஆண்டு. பெருந்தொகையானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 1973 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் ஆயுதப்படை கிளர்ந்தது. ராணுவம் இறங்கியது, உயிர்கள் போயின, அடுத்த மாதமே கமலாபதி திரிபாதியின் அரசு பதவி விலகியது.

1979 தனியாகப் பேச வேண்டிய ஆண்டு. தர்ம வீரா தலைமையிலான தேசியக் காவல் ஆணையம் அந்தப் பிப்ரவரியில் தன் முதல் அறிக்கையைத் தந்தது. கடைநிலைக் காவலரின் ஊதியம், வீடு, ஆர்டர்லி வேலை, குறைதீர்க்க வழியில்லாமை எல்லாம் அதில் இருந்தன. காகிதம் மேசையில் கிடக்கும்போதே மே மாதம் பஞ்சாபில் காவலர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். மாநிலம் மாநிலமாகப் பரவியது. தமிழ்நாட்டிலும் சங்கம் கேட்டுக் குரல் எழுந்தது. ஜூனில் மத்தியப் படைகள் வரை போய், பொகாரோ இரும்பாலையில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் மீது ராணுவம் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிஞ்சியவர்களில் முன்னணியில் நின்றவர்களை விசாரணையே இல்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அரசியலமைப்பின் 311வது பிரிவில் அதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது செல்லும் என்று 1985ல் துளசிராம் படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மும்பையை வடசென்னைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1982ல் அங்கே பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் மகாராஷ்டிரக் காவலர் சங்கத்தின் அங்கீகாரத்தை அரசு ரத்து செய்து, 18ஆம் தேதி விடியும் முன் குடியிருப்புகளுக்குள் புகுந்து தலைவர்களைப் பிடித்தது. காலையில் காவலர்கள் தெருவில் இறங்கினார்கள். மில் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். நகரம் பற்றி எரிந்தது. ராணுவம் வந்த பிறகுதான் அடங்கியது. பேசுவதற்கு இருந்த ஒரே வாசலை அடைத்ததன் விலை அது.

திருவொற்றியூர்த் தோழர்:

அடைக்காத இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் கடைநிலையினருக்குப் போலீஸ் அசோசியேஷன், அதிகாரிகளுக்கு ஆபீசர்ஸ் அசோசியேஷன் என்று இரண்டு. உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாவட்ட மாநாடு, மாநில மாநாடு, அமைச்சரிடம் கோரிக்கை மனு எல்லாம் உண்டு. வேலைநிறுத்தம் கிடையாது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் போலீஸ் அதிகாரிகள் சங்கம் இருக்கிறது. பீகாரிலும் இருக்கிறது. நம் மூன்று அண்டை மாநிலங்களில் இரண்டு அனுமதித்திருக்கின்றன. கர்நாடகத்தில் 2016 ஜூன் 4 அன்று காவலர்கள் கூட்டாக விடுப்பு எடுக்கத் திட்டமிட்டார்கள். அமைப்பாளர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது, போராட்டம் நடக்கவில்லை.

கேரளத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சங்கத் தேர்தலில் கட்சிச் சாயம் ஏறிவிட்டது. 2018ல் மாநாட்டுப் பந்தல்களில் தியாகிகள் தூணுக்குச் சிவப்பு வண்ணம், கட்சிக் கூட்டம் போல முழக்கம் என்று பெரிய சர்ச்சை ஆனது. நான் செங்கொடிக்காரன். இருந்தும் சீருடைக்காரர் கூட்டத்தில் அந்த நிறம் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஓட்டேரி வாசகர்:

1918ஐப் பொன்னான காலமாக எழுதுவதில் எனக்கு வருத்தம் உண்டு. 1921 வேலைநிறுத்தம் ஏன் தோற்றது? ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறுபக்கம் என்று புளியந்தோப்பு இரண்டாகப் பிளந்தது. குடிசைகள் எரிந்தன. சங்கம் அந்தப் பிளவை ஆற்றவில்லை. சில தலைவர்களின் பேச்சு அதை ஆழப்படுத்தவும் செய்தது. காவல்துறைக்குள் சாதி இல்லையா? யாருக்கு எந்த டியூட்டி விழுகிறது என்பதில் சாதி பார்ப்பதாகக் காவலர்களே புகார் சொல்லவில்லையா? நாளை வருகிற சங்கத்தின் நிர்வாகக் குழுவில் யார் உட்காருவார்கள் என்பதை முதல் நாளே தீர்மானிக்காவிட்டால் நூறு வருடத்துக்கு முந்தைய தவறு அப்படியே திரும்பும். பெண் காவலர்களுக்கும் இது பொருந்தும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:

ஓட்டேரி ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நான் பார்த்த வரையில் சொல்கிறேன், ஆயுதப்படையில் சமையல்கூடத்துக்கும் கழிவறைப் பராமரிப்புக்கும் எந்தப் பையனை அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுக் கேட்டவனை அடுத்த வாரமே தொலைதூரத்துக்கு மாற்றினார்கள்.

சங்கம் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். 2003ல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் வழக்கு நடத்தவும் பேச்சு நடத்தவும் அவர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். 1979க்குப் பிறகு வீட்டுக்குப் போன காவலனுக்கு யார் இருந்தார்கள்?

பட்டாளத்துக்காரன்:

1966 சட்டத்தில் ஒரு பகுதியை வக்கீல் ஐயா இன்னும் விளக்கலாம். சமூக, பொழுதுபோக்கு, சமய நோக்கம் மட்டும் உள்ள அமைப்புகளில் காவலர் சேரலாம் என்று படித்தேன். இதை ஏன் கேட்கிறேன் என்றால், சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு முன்பு செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்தியது வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற ஆன்மிகச் சபை. மில் தொழிலாளர்கள் வாரம் தவறாமல் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடினார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். கூடிப் பழகிய பிறகுதான் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, அடிக்கிறார்கள் என்ற பேச்சு வெளியே வந்தது.

வியாசர்பாடி வக்கீல்:

நீங்கள் படித்தது சரி. ஆனால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஓர் அமைப்பு அப்படிப்பட்டதா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் அரசு சொல்வதே இறுதி. சபை என்று பெயர் வைத்து ஊதியம் பேசினால் நாளையே மெமோ, நாளன்றைக்குச் சஸ்பெண்ட். பணியில் இருப்பவர்களை அந்த வழியில் தள்ள எனக்கு மனமில்லை. நேர்வழியாக அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதும், மறுத்தால் காரணம் கேட்டு நீதிமன்றம் போவதும் மெதுவானது, ஆனால் யாருடைய வேலையும் போகாது. வாடியா மீது பின்னி நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. அந்த அநியாயம் நாடு முழுக்கப் பேசப்பட்டதுதான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணமானது. தோற்ற வழக்கும் பயன்படும்.

மூலக்கொத்தளம்:

சித்திரவதை வழக்கில் தலையிடாத சங்கம், அதை விதியாகவே எழுதிய சங்கம் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி, அந்த விதியை யார் காப்பாற்றுவார்கள் என்பது. வெளியாள் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி போல, அந்தக் குழுவில் இருக்க வேண்டும். பதினாறு மணி நேரம் நின்ற காவலர் எங்கள் தெருவுக்கு வரும்போது எந்த மனநிலையில் வருகிறார் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

கொண்டித்தோப்பு இல்லத்தரசி:

முழுவதும் படித்தேன். என் கணவர் பணியில் இருக்கிறார், அதனால் அவர் எழுத முடியாது. நான் எழுதலாம் அல்லவா?

2021ல் முதலமைச்சர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களைப் பந்தோபஸ்துக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மணிக்கணக்கில் கழிப்பறை இல்லாமல் வெயிலில் நின்ற என் தோழி அன்று அழுதுவிட்டாள். அந்த ஓர் உத்தரவுக்கு எத்தனை ஆண்டு காத்திருந்தோம்! யாரோ மனமிரங்கினால்தான் வரும் என்ற நிலையை மாற்ற வேண்டும்.

2024 அக்டோபரில் தெலங்கானாவில் சிறப்புக் காவல் படையினரின் மனைவிமார்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்தார்கள். ஓரிடத்தில் சில ஆண்டாவது நிலையாகப் பணி கேட்டார்கள். பிறகு காவலர்களே இறங்கினார்கள், பலரைச் சஸ்பெண்ட் செய்தார்கள், சிலரை டிஸ்மிஸும் செய்தார்கள். நாங்கள் சாலையில் உட்காரப் போவதில்லை. எங்கள் குடியிருப்புப் பெண்கள் சேர்ந்து சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரு மனு கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். வக்கீல் ஐயா, அதனால் வீட்டுக்காரர்களுக்குச் சிக்கல் வருமா?

வியாசர்பாடி வக்கீல்:

அம்மா, 1966 சட்டம் படையின் உறுப்பினரைத்தான் கட்டுப்படுத்துகிறது. மனுக் கொடுப்பது குடிமகளின் உரிமை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கணவரின் பணி எண், நிலையத்தின் பெயர், துறைக்குள் சுற்றுகிற கடிதங்களின் நகல் எதையும் மனுவில் சேர்க்காதீர்கள். வேலைக்குப் போகாதே என்று காவலரைத் தூண்டுவதாகப் பொருள்படும் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. வரைவை எனக்கு அனுப்புங்கள், கட்டணம் இல்லாமல் பார்த்துத் தருகிறேன்.

கொண்டித்தோப்பு இல்லத்தரசி:

நன்றி ஐயா. கோரிக்கைகள் இப்போதைக்கு இவை: பறிபோன வார விடுமுறைக்குப் பதினைந்து நாளுக்குள் மாற்று நாள். பந்தோபஸ்து நடக்கும் இடத்தில் குடிநீரும் கழிப்பறையும். தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டைக் கேட்கத் துறைக்கு வெளியே இருந்து ஒருவர். கேரளம் போல ஒவ்வொரு பதவி நிலைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்துக்கு அனுமதி, அதன் குழுவில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் உறுதியான இடம். சித்திரவதை வழக்கில் சங்கம் தலையிடாது என்ற விதியை, மூலக்கொத்தளம் தம்பி சொன்னபடி வெளியாள் ஒருவரோடு, ஐந்தாவதாகச் சேர்க்கிறேன். புளியந்தோப்புக் குடியிருப்பில் இருந்து யாராவது இதைப் படித்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், உங்கள் பக்கத்துக் கையெழுத்துகளையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.